எனக்கு வாங்கி வைத்த பொன்னாடை

டீமிலிருந்து என்னைத் தூக்கப்போகிறார்கள் என்ற செய்தி எனக்கு எங்கள் கார் டிக்கியில் கிடைத்தது.

ஒரு சனிக்கிழமை, ஃப்ரீமான்ட்டில் மௌரி அவென்யூவில் இருக்கும் இந்தியக் கடையில் சாமான் வாங்கிவிட்டு வெளியே வந்தோம். அரிசிப் பையை வைக்க டிக்கியைத் திறந்தேன். குடைக்குப் பின்னால் ஒரு கவர் ஒளிந்திருந்தது. பிரித்தால் மெரூன் நிறத்தில் அகல ஜரிகை போட்ட பொன்னாடை. அதனடியில் கண்ணாடியில் செய்த ஒரு ஷீல்டு. ஷீல்டில் நான், கையில் கிளவ் மாட்டிக்கொண்டு, குனிந்து பந்துக்குக் காத்திருக்கும் படம். கீழே தங்க எழுத்தில் ‘கௌரவ ஆலோசகர்’ என்று போட்டிருந்தது.

தள்ளுவண்டியை அதன் இடத்தில் விட்டுவிட்டு வந்த என் வீட்டுக்காரர், என் கையில் இருந்ததைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“ஏனுங்க, இது என்ன?”

“ஐயோ, அது சர்ப்ரைஸும்மா. நீ பாத்துருக்கக் கூடாது.”

“யாருக்கு சர்ப்ரைஸ்?”

“உனக்குத்தான். அடுத்த ஞாயித்துக்கிழமை பாட்லக்ல டீமே சேந்து உன்னை ஹானர் பண்றாங்க. கேப்டன் என்னைத்தான் ஷாப்பிங் பண்ணச் சொன்னாரு. நீ சேலை கட்டிட்டு வந்தா போட்டோக்கு நல்லாருக்கும்னு வேற சொன்னாரு.”

அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. இத்தனை வருடம் குடும்பம் நடத்தியும் இந்த மனிதருக்கு என் முகத்தைப் படிக்கத் தெரியவில்லையே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரிசிப் பையை அந்தப் பொன்னாடை மேலேயே போட்டு டிக்கியைச் சாத்தினேன்.

பொன்னாடை என்றால் என்ன அர்த்தம் என்று இங்குள்ள தமிழ்ச் சங்கத்துக்குப் போய்வரும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நம்மவர்களுக்கு ஒருவரைப் பார்த்து ‘நீங்கள் போதும்’ என்று முகத்துக்கு நேரே சொல்ல வராது. அதற்குப் பதிலாக மேடைக்கு அழைத்துப் போர்த்திவிடுவார்கள். தமிழ்ப் பள்ளியைத் தொடங்கி நடத்திவந்த அம்மா ஒருவருக்கு ஒரு பொங்கல் விழாவில் போர்த்தினார்கள். அடுத்த வகுப்புக்கு அவர் போனபோது பள்ளிச் சாவி இன்னொருவர் கையில் இருந்தது. எல்லா விழாவிலும் மைக் பிடித்து எங்களை அறுத்த அங்கிள் ஒருவர் இருந்தார். அவருக்கும் போர்த்தினார்கள். அதற்குப் பிறகு அவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறார். அவர் அறுத்ததற்கு அது தேவைதான் என்று அன்றைக்கு நானும் சிரித்தேன். ஆனால் அந்த அங்கிளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டார்களா என்று நான் யோசிக்கவில்லை. இப்போது எனக்கு மெரூன் நிறத்தில் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்கள்.

நான் ஆடுவது சாஃப்ட்பால். ஊரிலிருந்து போனில் கேட்பவர்களிடம், பேஸ்பாலுக்குத் தங்கச்சி என்று சொல்வேன். பந்து கொஞ்சம் பெரியது, மைதானம் கொஞ்சம் சிறியது, மற்றபடி அதே ஆட்டம். ஃப்ரீமான்ட்டில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடும் உள்ளூர் லீக் ஒன்று உண்டு. அந்த லீக்கில், ஆடுபவர்களில் குறிப்பிட்ட அளவு பெண்கள் இருந்தே ஆகவேண்டும் என்பது விதி. என் வீட்டுக்காரரோடு வேலை செய்த தமிழ்ப் பையன்கள் ஒரு டீம் சேர்த்தார்கள். ஆண்கள் கூட்டம் அலைமோதியது. பெண்கள் கிடைக்கவில்லை. “உங்க வைஃப் வந்து சும்மா நின்னாப் போதும் சார்” என்று அப்போதைய கேப்டன் இவரிடம் கேட்டிருக்கிறார்.

சும்மா நிற்பதற்கு என்னை யாரும் கூப்பிடக் கூடாது.

பந்து அதிகம் வராத இடமாகப் பார்த்துத் தூரத்தில் நிறுத்தினார்கள். அங்கே நின்றுகொண்டு நான் ஆட்டத்தைக் கவனித்தேன். எங்கள் டீம் ஏன் வாராவாரம் தோற்கிறது என்பது எனக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. இந்த ஆட்டத்தில் பந்தை அடித்தவர், ஃபர்ஸ்ட் பேஸ் என்று தரையில் பதித்திருக்கும் திண்டுக்கு ஓடுவார். அவர் போய்ச் சேருவதற்குள் பந்து அங்கே போய்விட்டால் அவர் அவுட். இவ்வளவுதான். ஆனால் எங்கள் பையன்கள் எல்லோரும் விருதுநகரிலும் தேனியிலும் ஈரோட்டிலும் தெருவில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்கள். அடித்தவருக்குப் பின்னால் கேட்சர் என்று ஒருவர் கிளவ் மாட்டி உட்கார்ந்திருப்பார். பார்ப்பதற்கு விக்கெட் கீப்பர் மாதிரியே இருப்பார். அது போதும். பந்தைப் பொறுக்கியதும் இவர்கள் கை தானாகக் கீப்பருக்கு எறிந்துவிடும். அங்கே அவுட் ஆக்க ஒரு ஆளும் இருக்க மாட்டார். அடித்தவர் சாவகாசமாக ஃபர்ஸ்ட் பேஸில் நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டிருப்பார். கேப்டன் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். சொல்லும்போது தலையாட்டுவார்கள், பந்து வந்ததும் கீப்பருக்குத்தான்.

நான் கிரிக்கெட் ஆடியதே இல்லை. பொள்ளாச்சியில் பெண் பிள்ளை கையில் அப்போது யார் மட்டையைக் கொடுத்தார்கள்? பள்ளியில் எறிபந்து ஆடினேன், அதோடு சரி. அதனால் என் கைக்கு அந்தக் கீப்பர் வியாதி கிடையாது. ஒரு நாள் ஃபர்ஸ்டுக்கு அடுத்த செகண்ட் பேஸில் ஆள் குறைந்தபோது நானே போய் நின்றுகொண்டேன். பந்து தரையோடு உருண்டு வந்தது. குனிந்தேன், எடுத்தேன், ஃபர்ஸ்டுக்கு எறிந்தேன். அவுட். எங்கள் டீமில் அப்படி ஒரு அவுட்டை அதுவரை யாரும் பார்த்ததில்லை. எல்லோரும் என்னைப் பார்த்து நின்றார்கள். அன்றிலிருந்து செகண்ட் பேஸ் என்னுடையது. கேப்டன்கள் மாறினார்கள், பையன்கள் அப்பாக்கள் ஆனார்கள், நான் அங்கேயே நின்றேன். மற்றவர்களுக்குப் பந்து போகும்போதெல்லாம் “ஃபர்ஸ்டுக்குப் போடு, ஃபர்ஸ்டுக்குப் போடு” என்று அடித்தொண்டையில் கத்துவேன். தோற்பது குறைந்தது.

அந்த மண்ணில் நிற்பது எனக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். வாரம் முழுக்க சான் ரமோனில் ஒரு ஆபீஸில், மற்றவர்கள் எழுதிய சாஃப்ட்வேரில் தப்புக் கண்டுபிடிப்பது என் வேலை. மகள் காலேஜுக்குப் போய்விட்டாள். எங்கே போனாலும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு “உக்காருங்க ஆன்ட்டி” என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை செகண்ட் பேஸில் மட்டும், முன்பின் தெரியாத ஒரு ஆள், என்னைத் தாண்டிப் பந்தை அனுப்பியே தீருவது என்று முழுப் பலத்தோடு அடிக்கிறான். என் வயதைப் பார்த்து மெதுவாக அடிப்பதில்லை. எனக்கு வேண்டிய மரியாதை அதுதான்.

அந்த வருட சீசன் தொடங்கியபோதே என் இடது முழங்கால் தகராறு செய்ய ஆரம்பித்தது. எனக்கும் ஃபர்ஸ்ட் பேஸுக்கும் நடுவில் வரும் பந்தை முன்பெல்லாம் ஓடிப்போய் மடக்குவேன். இப்போது நான் போய்ச் சேருவதற்குள் பந்து போய்விட்டது. ஒரு ஆட்டத்தில் இல்லை, பல ஆட்டங்களில். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. “பரவால்ல ஆன்ட்டி” என்றார்கள். அந்தப் பரவாயில்லை எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் திருப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் டீமுக்கு வந்து சேர்ந்தாள். காலேஜில் கிரிக்கெட் ஆடியவள். கால் அப்படி ஒரு கால். பந்து எங்கே போனாலும் அவள் அங்கே இருப்பாள். அவள் தன் சிநேகிதிகள் சிலரையும் அழைத்து வந்தாள், விதிக்கு வேண்டிய பெண்கள் வேண்டிய அளவுக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். நல்ல பெண்தான். என்னைப் பார்த்த முதல் நாளே “உங்க வயசுல இதெல்லாம் பண்றீங்க, சூப்பர் ஆன்ட்டி” என்றாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

சீசனின் கடைசி ஆட்டங்களில் கேப்டன் என்னிடம், “கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க ஆன்ட்டி, முட்டிக்கு நல்லது” என்று சொல்லிவிட்டு அவளை என் இடத்தில் நிறுத்தினார். நான் கம்பி வலைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கடைசி ஆட்டத்தின் கடைசிப் பந்து அவளிடம்தான் போனது. நான் எட்டவே முடியாத பந்து. அவள் பாய்ந்து எடுத்தாள். எடுத்த வேகத்தில் கீப்பருக்கு எறிந்தாள். ஃபர்ஸ்டில் அடித்தவர் நின்றுகொண்டிருந்தார், அதற்குள் மூன்றாவது பேஸிலிருந்த ஆள் ஓடி முடித்து ரன் எடுத்திருந்தார். ஃபர்ஸ்டுக்குப் போட்டிருந்தால் அந்த ரன் செல்லாது. தோற்றோம். நான் வெளியிலிருந்து தொண்டை கிழியக் கத்தினேன். என்னோடு பெஞ்சிலிருந்த மற்றவர்களும் ஆளுக்கொன்று கத்தினார்கள். வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் கத்துவது உள்ளே இருப்பவர்களுக்கு வெறும் சத்தம்தான்.

டிக்கியில் பொன்னாடையைப் பார்த்த அந்த வாரம் முழுவதும் நான் சிடுசிடுவென்று இருந்தேன். என் வீட்டுக்காரர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாமல் இரண்டு நாள் தள்ளினார். மூன்றாம் நாள் சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தார்.

“கோவப்படாம கேளு. டாக்டர் என்ன சொன்னாரு? ஓடறதைக் குறைங்கன்னாரு. உனக்கு ஏதாவது ஆயிருச்சுன்னா நான் என்ன பண்றது?”

“ஆடறதை நிறுத்துங்கன்னு சொல்லலீங்களே.”

“ஆலோசகர்னா டீம்ல இருக்கற மாதிரிதானே?”

“அப்ப நாளைக்கு உங்க ஆபீஸ்ல உங்களுக்கு ஒரு துண்டைப் போத்தி, நீங்க லாபில உக்காந்து ஆலோசனை சொல்லுங்கன்னா போவீங்களா?”

அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

மகளுக்குப் போன் செய்தேன். அவளுக்கு நான் பேசும் தமிழ் முழுக்கப் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும்.

“அம்மா, தே ஆர் ஜஸ்ட் பீயிங் நைஸ்.”

“நைஸா இருக்கறதுதான் கண்ணு பிரச்சனையே. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம முடிவு பண்ணிட்டாங்க.”

“தென் மேக் தெம் ஸே இட். டு யுவர் ஃபேஸ்.”

நான் போனை வைத்தேன். என் மகள் என்பதில் சந்தேகமே இல்லை.

அந்த நாட்களில் காரில் ரேடியோவைப் போட்டாலும் இதே கதைதான். எங்கள் பக்கத்துப் பெரிய பேஸ்பால் டீமில் ஒரு பழைய ஆட்டக்காரர், என்னைப் போலவே செகண்ட் பேஸில் நிற்பவர். அவருடைய ஒப்பந்தம் முடிந்துவிட்டது. அவரை மறுபடி எடுப்பதா விடுவதா என்று ஃப்ரீவேயில் நான் சான் ரமோன் போய்ச் சேரும்வரை வாக்குவாதம். கால் போய்விட்டது என்றார் ஒருவர். கை இன்னும் இருக்கிறது என்றார் இன்னொருவர். அவன் இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்கும் சின்னப் பையன்களுக்கு எங்கே எறிவதென்றே தெரியாது என்றார் போனில் வந்த ஒரு பெண்மணி. முதல் நாள் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு மனிதனைச் சந்தையில் மாடு பார்ப்பது போலப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்களே என்று நினைத்தேன். போகப்போக எனக்கு அந்த ஆள் மேல் பொறாமை வந்தது. அவன் குறையை அவன் காதுபடச் சொன்னார்கள். அவனால் பதில் சொல்ல முடியும். யாரும் அவனுக்கு ஜரிகைத் துணி வாங்கி டிக்கியில் ஒளித்து வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வீடு திரும்பும்போது ரேடியோவில் ஒரு கிழவர் பேசினார். இதில் இவ்வளவு கத்த என்ன இருக்கிறது, ஓட முடியாதவனை ஃபர்ஸ்ட் பேஸுக்கு மாற்றுங்கள், காலங்காலமாக அப்படித்தானே செய்கிறோம் என்றார். நான் ரேடியோவை அணைத்தேன். வீடு வரும்வரை வேறு எதையும் கேட்க எனக்கு மனம் இல்லை. எங்கள் டீமில் ஃபர்ஸ்ட் பேஸில் நின்ற நெட்டைப் பையன் அந்தக் கோடையில்தான் வேலை மாறி வேறு மாநிலத்துக்கு, பிளானோவுக்குப் போயிருந்தான். அதற்குப் பிறகு அந்த இடத்தில் வாரம் ஒரு ஆள்.

ஞாயிற்றுக்கிழமை சேலைதான் கட்டினேன். பச்சைப் பட்டு. அடியில் மைதான ஷூ. கைப்பையில் கிளவ் போகவில்லை, அதனால் காய்கறிப் பையில் போட்டு எடுத்துக்கொண்டேன். வேட்டி கட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் பார்த்தார்.

“அத்தனை பேர் முன்னாடி சீன் கிரியேட் பண்ணாதம்மா.”

“அத்தனை பேர் முன்னாடி போத்தறேன்னு சொன்னது நானா?”

ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடும் பாட்லக், எங்கள் மைதானத்தை ஒட்டிய பார்க் மேசைகளில். தக்காளி சாதம், தயிர் சாதம், யாரோ கொண்டுவந்த பீட்சா, பெரிய கேக். குழந்தைகள் புல்லில் உருண்டுகொண்டிருந்தார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் கேப்டன் எல்லோரையும் வட்டமாக நிற்கச் சொன்னார். விருதுநகர்க்காரர், தங்கமான மனிதர், யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். ஒரு டீமுக்கு அதைவிடப் பெரிய கெடுதல் கிடையாது.

“ஆன்ட்டி இல்லாம இந்த டீமே இல்ல” என்று தொடங்கினார். “நாங்கல்லாம் ஃபர்ஸ்டுக்குப் போடக் கத்துக்கிட்டதே அவங்க சத்தத்துலதான். அதனால நெக்ஸ்ட் சீசன்ல இருந்து அவங்க நம்ம கௌரவ ஆலோசகரா இருந்து நம்மளை கைட் பண்ணணும்னு டீம் சார்பா கேட்டுக்கறோம்.”

கைதட்டல். திருப்பூர்ப் பெண் தட்டில் பொன்னாடையைக் கொண்டுவந்தாள். கேப்டன் அதை விரித்துக்கொண்டு என் அருகே வந்தார். போட்டோவுக்காகச் சிலர் செல்போனைத் தூக்கினார்கள். துணி என் தோளில் படுவதற்கு முன்னால் நான் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

“ஒரு நிமிஷம் தம்பி. போத்தறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். அடுத்த வருஷம் நான் டீம்ல இருக்கனா, இல்லையா?”

“நீங்க எப்பவுமே நம்ம டீம்தான் ஆன்ட்டி.”

“கிரவுண்டுக்கு உள்ளயா, வெளியவா?”

செல்போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின. கேப்டன் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் தயிர் சாதத்தைப் பார்த்தார். பின்னாலிருந்து ஒருவர், “ஆன்ட்டி, கேக் கட் பண்ணிடலாமா?” என்றார்.

“கேக் எங்கயும் ஓடிராது. தம்பி, உனக்கு என்கிட்ட ஒண்ணு சொல்லணும். பல மாசமா வாயில போட்டு மென்னுட்டு இருக்கே. அதை இந்தத் துணில சுத்திக் குடுக்காதே. வாயால சொல்லு.”

அவர் முகம் சிவந்துவிட்டது. எனக்குப் பாவமாகக்கூட இருந்தது, ஆனாலும் விடவில்லை. கடைசியில் சொன்னார்.

“ஆன்ட்டி, லெஃப்ட் சைடு வர்ற பந்துக்கு உங்களால போக முடியல. செகண்ட்ல உங்களை வச்சா நாங்க தோப்போம்.”

அந்தப் பெண் தட்டைப் பிடித்தபடி எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றாள். எனக்கு அழுகை வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க வேண்டும். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. பல மாதமாக என்னிடம் யாரும் இவ்வளவு மரியாதையாகப் பேசவில்லை.

“அதான் நிஜம்” என்றேன். “எனக்கே தெரியும். செகண்ட் இவளுக்குக் குடு. இவ கால் எனக்கு இனிமே வராது. ஃபர்ஸ்ட்ல யாரு?”

“அதுக்கு இன்னும் யாரையும் ஃபிக்ஸ் பண்ணல.”

“ஃபர்ஸ்ட்ல நிக்கறவங்க ஓட வேண்டியதில்ல. ஒரு காலை பேஸ்ல வச்சுக்கிட்டு வர்ற பந்தைப் புடிக்கணும். என் கைக்கு ஒண்ணும் ஆகல. இன்னொண்ணும் சொல்றேன், கேளுங்க எல்லாரும். நீங்க ஏன் கீப்பருக்கே போடறீங்க தெரியுமா? சின்ன வயசுல இருந்து கீப்பர்தான் கத்துவான், அந்தச் சத்தத்துக்குப் போட்டுப் பழகிட்டீங்க. இத்தனை வருஷமா நான் செகண்ட்ல நின்னுக்கிட்டு ஃபர்ஸ்டுக்குப் போடுன்னு கத்திருக்கேன். ஃபர்ஸ்ட்ல நின்னு கத்தினா நேரா என் கைக்குத்தான் வரும்.”

“ஆன்ட்டி, நெக்ஸ்ட் இயர் பாக்கலாமே” என்றார் கேப்டன். பழைய குரல் திரும்பிவிட்டது.

“நெக்ஸ்ட் இயர் எதுக்கு? பேட்டை எடு.”

சீசன் முடிந்ததால் பேஸ்களையெல்லாம் கழற்றி எடுத்துப் போயிருந்தார்கள். வெறும் மண்தான் இருந்தது. காய்கறிப் பையிலிருந்து கிளவ்வை எடுத்து மாட்டினேன். ஃபர்ஸ்ட் பேஸ் இருக்கவேண்டிய இடத்துக்கு நடந்துபோய், பொன்னாடையை நாலாக மடித்துத் தரையில் வைத்தேன். என் வீட்டுக்காரர் பின்னாலேயே ஓடிவந்தார்.

“ஏம்மா, அது பொன்னாடைம்மா. மண்ணுல வைக்கற.”

“எனக்குப் போத்தினாத்தானுங்க பொன்னாடை. இன்னும் போத்தலையே. நீங்க போய் அடிக்கற எடத்துல நில்லுங்க. தம்பி அடிச்சதும் இங்க ஓடி வாங்க.”

“நானா?”

“முழு முட்டி ரெண்டும் உங்களுக்குத்தானே இருக்கு.”

பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் கிளவ் தேடிப் போனார்கள். திருப்பூர்ப் பெண் செகண்ட் பேஸில் போய் நின்றாள். ஒரு பையன் கேட்சராக உட்கார்ந்தான். நான் சேலையை இழுத்து இடுப்பில் செருகினேன். கேப்டன் பந்தைத் தூக்கிப் போட்டு அடித்தார். மெதுவாகத்தான் அடித்தார்.

“தம்பி, கேக் வெட்டற மாதிரி அடிக்காதே” என்று கத்தினேன்.

அடுத்ததை அடித்தார் பாருங்கள், அதுதான் அடி. தரையோடு சீறிக்கொண்டு வந்தது. நான் என்றைக்கும் எட்டியிருக்கவே முடியாத அந்தப் பந்தை அவள் இரண்டே எட்டில் எடுத்துவிட்டாள். என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டியபடி ஓடிவந்துகொண்டிருந்தார். அவள் தோள் கீப்பர் பக்கம் திரும்பியது. நான் கண்ணால் பார்த்தேன்.

“இங்க, இங்க, இங்க போடு” என்று, அந்தப் பார்க்கில் நாயை நடத்திக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

அவள் தோள் நடுவழியில் நின்றது, என் பக்கம் திரும்பியது. பந்து நேராக வந்து என் கிளவ்வில் அடித்தது. உள்ளங்கை எரிந்தது. என் வீட்டுக்காரர் இன்னும் பாதி வழியில் இருந்தார்.

“சேஃப்” என்றார் கேப்டன். அவுட் இல்லை என்று அர்த்தம்.

“என்ன சேஃப்? அவர் அங்கதான் மூச்சு வாங்கிட்டு நிக்கறாரு.”

“உங்க கால் பேஸ்ல இல்ல ஆன்ட்டி. பக்கத்துல இருக்கு.”

குனிந்து பார்த்தேன். உண்மைதான். இவ்வளவு வாய் பேசிய என் கால், ஜரிகையிலிருந்து ஒரு சாண் தள்ளி மண்ணில் பதிந்திருந்தது. எனக்குத் தெரியாமலே தள்ளி வைத்திருக்கிறேன். துணியை மிதிக்காதே என்று வளர்க்கப்பட்ட கால். கேப்டன் கையில் பேட்டோடு, முகத்தில் சிரிப்பில்லாமல், இடுப்பில் கையை வைத்து நின்றார். பரவாயில்லை ஆன்ட்டி என்று அவர் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தை வராததில் எனக்கு எல்லாம் கிடைத்துவிட்டது.

“இன்னொரு தடவை அடி” என்றேன். “ஏனுங்க, திரும்பிப் போய் மறுபடி ஓடுங்க.”

வலது காலைத் தூக்கி, ஷூவோடு, பொன்னாடையின் நடுவில் ஊன்றினேன். மனசு ஒரு நொடி கூசியது. அப்புறம் கூசவில்லை. பந்து போனது, அவள் எடுத்தாள், நான் கத்தினேன், இந்த முறை அவள் கீப்பர் பக்கம் பார்க்கவே இல்லை.

“அவுட்” என்றார் கேப்டன். பேட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு என் அருகே வந்து, என் கையை வாங்கிப் பார்த்தார். “இந்த கிளவ் பத்தாது ஆன்ட்டி. ஃபர்ஸ்ட் பேஸுக்குப் பெருசா வேற வரும். மார்ச்ல ப்ராக்டிஸ், அதுக்குள்ள வாங்கிருங்க. லேட்டா வந்தா பெஞ்ச்தான்.”

“போய் அடுத்ததை அடி” என்றேன். என் கால் இன்னும் பொன்னாடை மேல்தான் இருந்தது.